வன்னிக் காட்டுப் பாதைக்கு ஸ்லைடர்: எதைத் தெரிவது, எப்படிப் பூட்டுவது

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஒட்டுசுட்டான் பக்கம் ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ் விகோ டபிள் கப் பிக்கப். முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழ் உள்ள வயலுக்கும், நெடுங்கேணிப் பக்கக் காட்டுப் பாதைகளுக்கும், இடைக்கிடை நாயாற்று மணலுக்கும் போய்வருகிறது. வாகனத்தோடு வந்த சைட் ஸ்ரெப் ஒரு பாலைக் கட்டையில் ஏறி மடிந்து, கதவின் கீழ் விளிம்பையும் நசுக்கிவிட்டது. ஸ்லைடர் என்பது கதவுகளுக்குக் கீழ் பக்கவாட்டில் ஓடி, குறுக்குக் கால்களால் சேசியில், அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தில், பிடிபட்டு நிற்கும் காப்புக் குழாய். இனி வெளியிலிருந்து ஆயத்தமான ஸ்லைடர் எடுப்பதா, கிளிநொச்சியில் ஒரு வெல்டிங் கடையில் செய்விப்பதா, சேசியில் வெல்டிங் செய்து ஒட்டுவதா, போல்ட் போட்டுப் பூட்டுவதா என்று கேட்கிறீர்கள்.

இங்கேயே செய்விக்கலாம். போல்ட் போட்டே பூட்டுங்கள். காசையும் நேரத்தையும் வெளியே தெரியும் குழாயில் போடுவதைவிட, சேசியைப் பிடிக்கும் தகட்டிலும் கால்களிலும் போடுங்கள். கீழே எழுதுவதெல்லாம் இந்த மூன்று வசனங்களுக்கான காரணங்களும் அளவுகளும்தான்.

முதலில் உங்கள் சைட் ஸ்ரெப் ஏன் மடிந்தது என்று பாருங்கள். அது ஆள் கால் வைத்து ஏறுவதற்குச் செய்தது. நூறு, நூற்றைம்பது கிலோ மேலிருந்து கீழே அழுத்தினால் தாங்கும். பெரும்பாலும் மெல்லிய குழாய் அல்லது அலுமினியம், அதைப் பிடிப்பது வளைத்த தகட்டுக் கொளுவி. கட்டையில் ஏறும்போது பாரம் கீழிருந்து மேலே வருகிறது, அதுவும் வாகனத்தின் பாதி எடை. ஸ்ரெப் மேலே மடிந்து, கதவடித் தகட்டுக்குள் தானே புகுந்து நசுக்குகிறது. கட்டை செய்யாத சேதத்தையும் அந்த ஸ்ரெப் செய்துவிடும். ஸ்லைடர் என்று பெயர் வைத்து இதே மெல்லிய குழாயைக் கறுப்புப் பெயின்ற் அடித்து விற்பவர்களும் உண்டு. குழாயின் மொத்தத்தை வைத்து மயங்காமல், கால்கள் எங்கே போய் முடிகின்றன என்று குனிந்து பாருங்கள். சேசியில் முடிந்தால் ஸ்லைடர். கதவுக்குக் கீழுள்ள உடல் தகட்டில் முடிந்தால், எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அது ஸ்ரெப்தான்.

வெளிநாட்டுப் படங்களில் பெரிய பாறைகளில் ஏறி இறங்குவதைப் பார்த்து, அந்த வடிவத்தையே இங்கே செய்யச் சொல்லக் கூடாது. வவுனியா வடக்கில் அங்கங்கே பாறை தலைகாட்டும், பூநகரி, மன்னார்ப் பக்கம் சுண்ணக்கல் வரும், குளக்கட்டின் நீர்ப் பக்கத்தில் கருங்கல் அடுக்கியிருக்கும். ஆனால் வன்னியில் வாகனத்தின் பக்கவாட்டை உண்மையில் அடிப்பவை வேறு. பற்றைக்குள் மறைந்து நிற்கும் பாலை, முதிரை, வீரை மரங்களின் அடிக்கட்டைகள். கிறவல் அரித்துப்போன மதகின் கொங்கிறீற்று விளிம்பு. ஒற்றையடித் தடத்தை ஒட்டி நிற்கும் மரங்கள். பாலை தண்ணீரில் தாழும் மரம். அதன் கட்டை பத்து வருடம் வெயிலில் காய்ந்தாலும் இளகாது, வாகனம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே நமக்குத் தேவை கட்டையின் மேல் வழுக்கிச் செல்லும் அடிப்பக்கமும், மரத்திலிருந்து பின்கதவைத் தள்ளிவிடும் வெளிவளைவும்.

உழவு இயந்திரம் ஓடி ஆழமாகிய சில்லுத் தடத்தில், நடுமேடு கியர்பெட்டியிலும் குறுக்குச் சட்டத்திலும் தட்டும். அதற்கு ஸ்லைடர் ஒன்றும் செய்யாது. உங்களுக்கு அடிக்கடி நடப்பது அதுதான் என்றால், காசைக் கியர்பெட்டிக்குக் கீழ் பூட்டும் காப்புத் தகட்டில் போடுங்கள்.

இப்போது பாரக் கணக்கு. இதைத் தெரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. சாமான் ஏற்றிய ஹைலக்ஸ் 2,000 கிலோவைத் தாண்டும். ஒரு பக்கம் முழுவதும் கட்டையில் தங்கினால் ஏறக்குறைய 1,000 கிலோ ஒரு ஸ்லைடரில் இருக்கிறது. சேசியின் பக்கச் சுவரிலிருந்து 200 மி.மீ. வெளியே இந்தப் பாரம் விழுந்தால், காலின் அடியில் கிட்டத்தட்ட 1,960 நியூட்டன் மீற்றர் வளைவிசை வரும். 48.3 மி.மீ. வெளிவிட்டமும் 3.2 மி.மீ. சுவரும் உள்ள ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று தனியே இதைத் தாங்கினால், உருக்கில் வரும் தகைப்பு, அதாவது ஒவ்வொரு சதுர மி.மீ.யிலும் விழும் விசை, 400 மெகாபஸ்கலைத் தாண்டும். சாதாரண மைல்ட் ஸ்ரீல் 250 அளவிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். அதே பாரத்தை 60.3 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. சுவரும் உள்ள இரண்டு அங்குலக் குழாய் வாங்கினால் 210 மட்டில் நிற்கும். 50க்கு 50, 4 மி.மீ. பொக்ஸ் பாரும் (சதுரக் குழாய்) ஏறக்குறைய அதே பலம். எடை ஒன்றரை மடங்குதான் ஆகிறது, பலம் இரண்டு மடங்காகிறது. கட்டையில் மெதுவாக ஏறாமல் விழுந்தால் பாரம் இன்னும் பெருகும். அதனால்தான் ஒரு காலை நம்பாமல், நீளக் குழாய் பாரத்தைப் பக்கத்துக் கால்களுக்குப் பகிரும்படி மூன்று நான்கு கால் வைக்கிறோம்.

ஆகவே கால்களுக்கு 50க்கு 50, 4 மி.மீ. பொக்ஸ் பார் எடுங்கள். வட்டக் குழாயைவிடப் பொக்ஸ் பாரைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தகட்டோடு சேரும் முனையை நேராக வெட்டினால் இடைவெளி இல்லாமல் பொருந்தும். வட்டக் குழாய் இன்னொரு வட்டக் குழாயில் சேர வேண்டுமென்றால் மீன்வாய் போல வெட்ட வேண்டும். கிறைண்டரில் கைக்கணக்காக வெட்டிய மீன்வாயில் மூன்று நான்கு மி.மீ. இடைவெளி இருக்கும், அதை வெல்டிங் குச்சியால் நிரப்பி மூடுவார்கள். பார்வைக்குத் தெரியாது, உடையும்போதுதான் தெரியும். பொக்ஸ் பாரிலும் நீளக் குழாயைச் சந்திக்கும் முனையை வளைவாக வெட்டத்தான் வேண்டும். கடதாசியில் வளைவைக் கீறி ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். அதிலும் இடைவெளி 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

நீளக் குழாய் இரண்டு. உள்ளே, கதவடித் தகட்டுக்குக் கீழ் ஓடும் பிரதான குழாய் 60.3 மி.மீ., 4 மி.மீ. சுவர். வெளியே மரத்தைத் தள்ளும் குழாய் 48.3 மி.மீ., 3.2 மி.மீ. சுவர் போதும். இவற்றுக்குப் பொக்ஸ் பார் வேண்டாம். சதுர மூலை கட்டையைச் சீவிக்கொண்டு கொளுவும், வட்டக் குழாய் வழுக்கும். முன் ரயருக்கும் பின் ரயருக்கும் இடையில் அடங்கும் ஸ்லைடரின் நீளம் விகோவில் 1.8 முதல் 2 மீற்றர் அளவில் நிற்கும். ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, ரயருக்கும் குழாய்முனைக்கும் 50 மி.மீ.யாவது இருக்கிறதா என்று பார்த்தபின் வெட்டுங்கள். பெரிய ரயர் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே அதற்கும் இடம் விடுங்கள். பின் முனையில் வெளிக்குழாய் கதவு வரிசையைவிட 75 முதல் 100 மி.மீ. வெளியே போகட்டும். ஒடுங்கிய தடத்தில் திரும்பும்போது பின் சில்லு உள்வட்டத்தில் வரும், மரம் பின்கதவை உரசுவது அப்போதுதான். அந்த வளைவு மரத்தில் முட்டி வாகனத்தின் பின்பக்கத்தை வெளியே தள்ளிவிடும். ஆனால் குழாயின் இரு முனைகளும் உள்ளே திரும்பி, மூடி, மழுங்கியிருக்க வேண்டும். ஏ9 வீதியில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் உங்களை உரசிக்கொண்டு போகின்றன. திறந்த குழாய்முனை ஒரு ஆளின் காலைக் கிழிக்கும்.

நடுப்பகுதியில் வெளிக்குழாய் கதவின் கீழ்விளிம்பைத் தாண்டி 30 முதல் 50 மி.மீ. வெளியே நின்றால் போதும். அதைவிட வெளியே கொண்டுபோனால் காலின் நீளம் கூடும், வளைவிசையும் கூடும். மேலே சொன்ன கணக்கில் 200 மி.மீ.யை 300 ஆக்கிப் பாருங்கள், அதே பொக்ஸ் பார் வளைந்துவிடும். ஏறி இறங்க வசதியாக இன்னும் அகலமாகச் செய்யச் சொல்லுவார்கள். வயதானவர்கள் ஏறும் வாகனம் என்றால் இரு குழாய்களுக்கும் இடையில் 3 மி.மீ. செக்கர் தகடு ஒரு சாண் அகலத்துக்கு வையுங்கள், அது போதும். முழு நீளத்துக்கும் தகடு மூடினால் மாரியில் சேறு அதன் மேல் ஏறிக் காய்ந்து, இரும்பையும் தின்னும், எடையையும் கூட்டும்.

உயரத்தில் பிசகாதீர்கள். ஸ்லைடரின் அடி சேசியின் அடியைவிடத் தாழக் கூடாது. சேசியிலிருந்து கால் நேராக வெளியே வராமல் 10 முதல் 15 பாகை மேல்நோக்கி வந்தால் தரை இடைவெளி குறையாது. மேலே, பிரதான குழாய்க்கும் கதவடித் தகட்டுக்கும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி கட்டாயம் விடுங்கள். வாகன உடல் சேசியின் மேல் ரப்பரில் இருக்கிறது, கரடுமுரடான தடத்தில் இரண்டும் தனித்தனியாக அசையும். ஸ்லைடரும் பாரத்தில் சில மி.மீ. வளைந்து மீளும். இடைவெளியை மறைத்து அழகாக ஒட்டிவைத்தால் முதல் கட்டையிலேயே குழாய் கதவடியை நசுக்கும். பழைய வாகனங்களில் இந்த ரப்பர்கள் அமர்ந்துபோய் உடல் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். ரப்பரை மாற்றும் எண்ணம் இருந்தால் அளவெடுக்கும் முன்பே மாற்றுங்கள். 2020 மார்ச்சிலிருந்து ஐந்து வருடம் அளவில் வாகன இறக்குமதி அடைபட்டிருந்ததால் இங்கே ஓடுபவை அனேகம் வயதானவை, ஆகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிச் சேசியில் பிடிக்கும் இடம். பொறுமையாக வாசியுங்கள், பெரும்பாலான ஸ்லைடர்கள் தோற்பது இங்கேதான்.

வெளிமுனை மேலே தள்ளப்படும்போது காலின் அடித்தகடு என்ன செய்கிறது? அதன் மேல்விளிம்பு சேசியை அழுத்துகிறது, கீழ்விளிம்பு சேசியை விட்டு வெளியே கழரப் பார்க்கிறது. அதாவது கீழ்ப் போல்ட்கள் இழுபடுகின்றன. காலும் தகடும் சேரும் ஒட்டில் அடிப்பக்க ஒட்டுத்தான் இழுபடுகிறது. வாகனத்தின் கீழ் மல்லாந்து படுத்து ஒட்டும்போது மிக மோசமாக வருவதும் இதே அடிப்பக்க ஒட்டுத்தான், ஏனென்றால் அது தலைக்கு மேல் ஒட்டும் வேலை. ஆகவே வாகனத்தில் வைத்துப் புள்ளி ஒட்டு மட்டும் போட்டு, கழற்றிக் கீழே இறக்கி, மேசையில் கவிழ்த்து வைத்து முழு ஒட்டைப் போடச் சொல்லுங்கள். சேசியில் நேரே ஒட்டும் ஸ்லைடரில் இந்த வசதி இல்லை. போல்ட்டை நான் சொல்வதற்கு இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் சேசிச் சுவர். போல்ட் முறிவது அரிது. 8.8 தரத்து எம் 12 (12 மி.மீ. விட்டம்) போல்ட் ஒன்று ஐந்து தொன் இழுவையைத் தாங்கும். சேசியின் சுவரோ பெரும்பாலும் 3 மி.மீ. அளவுதான். கையளவு சிறிய தகட்டை அதில் ஒட்டினால் பாரம் அந்தச் சிறு இடத்தில் குவிந்து, சுவரை உள்ளே குழியவைத்து, பிறகு ஒட்டின் ஓரத்திலேயே கிழிக்கும். ஸ்லைடர் உடைந்தால் ஸ்லைடரை மாற்றலாம். சேசி கிழிந்தால் வாகனமே போய்விடும்.

நல்ல வழி, சேசியைத் துளைக்காமல் இரண்டு தகடுகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிப்பது. சேசியின் வெளிப்பக்கம் ஒரு தகடு, உட்பக்கம் ஒரு தகடு. இரண்டும் சேசியைவிட மேலும் கீழும் 25 முதல் 30 மி.மீ. உயரமாக இருக்கும். நீண்ட எம் 12 போல்ட் இரண்டு சேசியின் மேலாகவும், இரண்டு கீழாகவும் கடந்து இரு தகடுகளையும் இழுத்துப் பிடிக்கும். பாரம் வரும்போது கீழ்ப் போல்ட்கள் சேசியின் அடியில் முட்டி நிற்பதால் பிடி மேலே வழுகாது. தகடு 10 மி.மீ. தடிப்பும் 120 மி.மீ. அகலமும் இருக்கட்டும். போல்ட் துளைகள் சேசியை எவ்வளவு ஒட்டி வருமோ அவ்வளவு ஒட்டி வரட்டும். தள்ளிப்போனால் இறுக்கும்போது தகட்டின் விளிம்பு வளையும். இந்த அமைப்பில் எம் 12 போல்ட்டுக்கு வழக்கமான 80 நியூட்டன் மீற்றர் வேண்டாம், 50 போதும். 80 வரை இறுக்கினால் தகடு வளைந்து, சேசியைப் பிடிப்பது நடுவில் தளரும். போல்ட் நீளத்துக்குச் சேசியின் அகலத்தை அளந்து 40 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். தகடுகள், வொஷர், நட்டு, மிஞ்சும் இரண்டு புரி எல்லாம் அதற்குள் அடங்கும். நட்டு நைலொன் வளையம் உள்ளதாக இருக்கட்டும். தகட்டின் கீழ் மூலைகளை முன்னும் பின்னும் சரிவாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டை அதில் கொளுவும்.

போல்ட்டை உள்ளே விடுவதற்கு முன் சேசியின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். டீசல் குழாய், பிறேக் குழாய், வயர்க் கட்டு, கைபிறேக் கேபிள் எல்லாம் அங்கேதான் ஓடும். எந்தப் பக்கம் எது என்பது வாகனத்துக்கு வாகனம் மாறும். கிளிப்பைக் கழற்றிக் குழாயைச் சற்று விலக்கலாம். தகட்டுக்கும் சேசிக்கும் நடுவில் அகப்பட விட்டால் பிறேக் எண்ணெய் ஒழுகும்வரை தெரியாது. சைலன்சர் குழாயிலிருந்து 40 மி.மீ.யாவது தள்ளி நில்லுங்கள்.

சேசியில் தொழிற்சாலையே போட்ட துளைகள் இருந்தால் அவற்றையும் பயன்படுத்தலாம். ஆனால் பெட்டிச் சேசியின் இரு சுவர்களையும் ஊடுருவிப் போல்ட் போட்டு இறுக்கினால் பெட்டி நசுங்கும். உள்ளே சரியான நீளத்தில் ஒரு குழாய்த் துண்டை நுழைத்து, போல்ட் அதனூடாகப் போக வேண்டும். புதிதாகத் துளைக்கத்தான் வேண்டுமென்றால் பக்கச் சுவரின் நடு உயரத்தில் மட்டும். மேல் தட்டையிலும் கீழ் தட்டையிலும் ஒருபோதும் துளை வேண்டாம், சேசி வளையும்போது பாரம் முழுவதும் அங்கேதான் இருக்கும். வட்ட வளைய யூ போல்ட் போடுவதும் இங்கே வழக்கம். சதுரச் சேசியில் அது மூலைகளில் மட்டும் தொட்டுப் பிடிக்கும், நாளடைவில் பெயின்றைத் தின்று துருவை வரவழைக்கும், பிடியும் சுழலும். தவிருங்கள்.

ஒட்டியே ஆகவேண்டும் என்று நிற்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. முதலில் 6 மி.மீ. தகடொன்றை, 200 மி.மீ. நீளத்தில், மூலைகளை வட்டமாக்கி, சேசியின் பக்கச் சுவரில் ஒட்டி, அதன் மேல் காலை ஒட்டுங்கள். தகட்டின் ஒட்டு சேசியின் நீளப்பாட்டுக்கே ஓடட்டும். மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் ஒட்டினால், நாளைக்குச் சேசி அந்தக் கோட்டில்தான் வெடிக்கும். மேல், கீழ் மூலைகளிலிருந்து 20 மி.மீ. விலகி நில்லுங்கள். பற்றரியின் இரு முனைகளையும் கழற்றி, புதிய வாகனமென்றால் ஈசியூ எனும் கணினிப் பெட்டியின் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஏர்த் கிளம்பை ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொளுவுங்கள். எங்கோ பம்பரில் கொளுவினால் மின்னோட்டம் பெயரிங்குகளினூடாகத் தன் பாதையைத் தேடும். டீசல் தொட்டி பக்கத்தில் இருந்தால் இறக்கி வையுங்கள். ஈரச் சாக்கை மட்டும் நம்ப வேண்டாம், தீயணைப்பானும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆளும் நிற்க வேண்டும்.

வெல்டிங் கடையில் பார்க்க வேண்டியது என்ன? 4 மி.மீ. பொக்ஸ் பாரை 10 மி.மீ. தகட்டில் ஒட்டும்போது சூடு தடித்த தகட்டில் இருக்க வேண்டும். குச்சியைத் தகட்டுப் பக்கம் சாய்த்து ஓட்டச் சொல்லுங்கள். இ 6013 குச்சியில் 3.2 மி.மீ. என்றால் 100 முதல் 130 அம்பியர். 2.5 மி.மீ. குச்சியில் 70 அம்பியரில் ஓட்டினால் மெழுகு வடித்ததுபோல மேலே ஒட்டி நிற்கும், உள்ளே பிடிக்காது. கிராமத்துக் கடைகளில் வரும் குறை பெரும்பாலும் கையில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் வீட்டு இணைப்பில், மெல்லிய நீண்ட வயரை இழுத்து ஒட்டினால் வோல்ற்றேஜ் விழுந்து, மெஷின் காட்டும் அம்பியர் ஒட்டில் வராது. ஒரு சோதனை செய்யலாம். அதே பொக்ஸ் பாரில் ஒரு துண்டையும் தகட்டில் ஒரு துண்டையும் ஒட்டி, வைசில் பிடித்து, பெரிய சம்மட்டியால் வளையும்வரை அடியுங்கள். பொக்ஸ் பார் வளைந்தும் ஒட்டு விடாமல் நின்றால் சரி. ஒட்டு தகட்டிலிருந்து தோல்போலக் கழன்றால் அந்த அமைப்பில் வேலையைத் தொடங்க வேண்டாம். நல்ல ஒட்டர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

மேலிருந்து கீழாக இழுத்து ஒட்டுவது வேகமானது, ஆனால் ஆழம் போகாது. நிமிர்ந்த ஒட்டெல்லாம் கீழிருந்து மேலே போகட்டும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் இரண்டு மீற்றர்க் குழாய் வாழைப்பழம்போல வளைந்து, போல்ட் துளை சேராது. இடப் பக்க ஸ்லைடரையும் வலப் பக்க ஸ்லைடரையும் முதுகோடு முதுகாகக் கிளம்பில் கட்டி, ஒரு கால் விட்டு ஒரு கால், இடம் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஆறியபின் அவிழ்த்தால் இரண்டும் நேராக நிற்கும்.

இரும்புக்கடையில் துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் சுலபமாகக் கிடைக்கும், கறுப்புக் குழாய் சில வேளை தேட வேண்டும். ஜிஐயும் பயன்படும். ஆனால் ஒட்டும் இடத்துக்கு இருபுறமும் 25 மி.மீ. துத்தநாகத்தைக் கிறைண்டரால் முழுதாக எடுத்துவிட வேண்டும். அந்த வெண்புகை ஒட்டிலும் துளை விடும், ஒட்டுபவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் தரும். பால் குடித்தால் போய்விடும் என்பதை நம்பாதீர்கள். காற்றோட்டமும் புகைக்கு உரிய முகமூடியும்தான் காக்கும். வாங்கும்போது சுவர்த்தடிப்பைக் குழாய்முனையில் வேர்னியரால் அளந்து வாங்குங்கள். ஒன்றரை அங்குலக் குழாய் லைற், மீடியம், ஹெவி என்று 2.9, 3.2, 4 மி.மீ. சுவரில் வரும், வெளியே எல்லாம் ஒரே மொத்தம்.

முழு வாகனத்துக்கும் வேண்டியது இவ்வளவு. 6 மீற்றர் நீளத்தில் இரண்டு அங்குலக் குழாய் ஒன்று, ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று, 50க்கு 50 பொக்ஸ் பார் இரண்டரை மீற்றர், பக்கத்துக்கு நான்கு கால் வீதம் எட்டுக் காலுக்குப் பதினாறு தகடு, எம் 12 போல்ட் முப்பத்திரண்டு. முதற் காலும் கடைசிக் காலும் குழாய்முனையிலிருந்து 150 மி.மீ.க்குள் வரட்டும், தொங்கும் முனைதான் முதலில் மடியும். எல்லாம் சேர்ந்து 80 கிலோ அளவில் நிற்கும், அதாவது எந்நேரமும் ஒரு ஆள் கூட இருக்கிற பாரம். அதற்கு மேல் போனால் எங்கோ தேவையில்லாமல் இரும்பு போட்டிருக்கிறீர்கள்.

குழாய்முனைகளை முழுதாக ஒட்டி மூடுங்கள். மூடியும் ஈரம் ஒரு வழியாக உள்ளே போகும், ஆகவே மிகத் தாழ்ந்த இடத்தில் 6 மி.மீ. வடிதுளை ஒன்று வேண்டும். நாயாறு, கொக்கிளாய், நந்திக்கடல் ஓரம் ஓடும் வாகனத்தில் உப்பு உள்ளிருந்தே தின்னும். பெயின்றுக்கு முன் ஒட்டுக் கசடெல்லாம் தட்டி, துத்தநாக பிறைமர் இரண்டு கை. அதன் மேல் சாதாரண கறுப்புப் பெயின்ற் போதும். அடிப்பக்கம் எப்படியும் உரசி உரிந்துகொண்டேதான் இருக்கும், தூரிகையால் தொட்டுவிடக்கூடிய பெயின்றே நல்லது, பவுடர் கோற்றிங் உரிந்தால் அதன் கீழ் துரு ஒளிந்து பரவும். சூட்டுத் துத்தநாகக் குளியலுக்கு அனுப்புவதென்றால் துளையில்லாத மூடிய குழாயை அனுப்பவே கூடாது, உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் விரிந்து தொட்டியிலேயே வெடிக்கும். கழிவு எண்ணெயை ஊற்றிவிடுவது பழைய பழக்கம், அது பக்கத்திலுள்ள ரப்பர்களை ஊதவைக்கும்.

வேறு வாகனம் வைத்திருப்பவர்களும் இதை வாசிப்பார்கள். பழைய டிஃபெண்டர், பிராடோ, லான்ட் குரூசர் 70, ஜிம்னி எல்லாம் தனிச் சேசி உள்ளவை, மேலே சொன்னது பொருந்தும். டிஃபெண்டரில் அலுமினிய உடல் இரும்பைத் தொடும் இடத்தில் ரப்பர்த் தகடு வையுங்கள், இல்லாவிட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகும். ஜிம்னிக்கு மூன்று காலும் ஒன்றரை அங்குலக் குழாயும் போதும். 1999க்குப் பின் வந்த மூன்றாம் தலைமுறைப் பஜிரோவிலும், 2020இன் புதிய டிஃபெண்டரிலும் தனிச் சேசி இல்லை. அவற்றுக்கு அந்தந்த மொடலுக்கென்றே வடிவமைத்த ஸ்லைடரைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

ஆயத்தமாக வாங்குவதென்றால் கேட்க வேண்டியவை: குழாயின் சுவர்த்தடிப்பு, கால்களின் எண்ணிக்கை, பிடித்தகட்டின் தடிப்பு, உங்கள் வருட மொடலுக்கும் வலப்பக்க ஸ்ரியறிங்குக்கும் செய்ததா என்பது. இந்த நான்குக்கும் விற்பவரிடம் பதில் இல்லையென்றால் வேண்டாம். எதுவானாலும், பூட்டும் முன் காப்புறுதிக்காரரிடமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டி முடிந்ததும் காட்டுக்குப் போகாமல் முற்றத்திலேயே சோதியுங்கள். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, கைபிறேக் இழுத்து, மற்றப் பக்கச் சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, குழாய்க்கும் கதவடிக்கும் உள்ள இடைவெளியை மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். ஸ்லைடரின் நடுவில், வெளிக்குழாயின் கீழ், பலகை வைத்து ஜக்கை மெதுவாக உயர்த்துங்கள். அந்தப் பக்கத்து இரு ரயர்களும் நிலத்தில் பாரமில்லாமல் தொடும் அளவு வந்ததும் இடைவெளியைப் பாருங்கள், விரல் இன்னும் நுழைய வேண்டும். யாரும் கீழே தலையை நீட்ட வேண்டாம். இறக்கியபின் அளவுகள் பழையபடி வந்தால் வேலை சரி. 3 மி.மீ.க்கு மேல் குறைந்து நின்றால் ஒன்றில் கால் வளைந்துவிட்டது, அல்லது தகடு சேசியில் வழுகிவிட்டது. போல்ட் பக்கத்தில் பெயின்ற் உரிந்திருந்தால் வழுகல்.

நாயாற்று மணலில் புதைந்தால் ஸ்லைடரில் ஜக் வைத்து உயர்த்தலாம், இது பெரிய நன்மை. ஜக்கின் அடியில் 400 மி.மீ. சதுரமான தடித்த பலகை இல்லாமல் உயர்த்தினால் ஜக்தான் மணலுக்குள் போகும். ஸ்லைடரில் கயிறோ சங்கிலியோ கட்டி இழுக்க விடாதீர்கள். அது மேல்நோக்கிய பாரத்துக்குச் செய்தது, பக்க இழுவையில் பிடி கழன்றால் இரும்பு பறந்து வரும். கட்டையைக் கண்டால் லோ கியரில், வேகமில்லாமல், குழாய் அதில் அமர்ந்து வழுக ஓட்டுங்கள். ஸ்லைடர் இருக்கிறது என்ற துணிவில் மாரியில் வான் பாயும் இடத்தைக் கடக்கவோ, சேற்றைச் சுற்றிப் போகவென்று தடத்தை விட்டுப் பற்றைக்குள் இறங்கவோ வேண்டாம். மிதிவெடி அகற்றி முடியாத நிலம் வன்னியில் இன்னும் இருக்கிறது, சிவப்புப் பலகை விழுந்து கிடக்கலாம்.

முதல் 100 கிலோமீற்றரில் எல்லாப் போல்ட்டையும் மீண்டும் இறுக்குங்கள், பெயின்றும் தகடும் அமர்ந்து சற்றுத் தளர்ந்திருக்கும். பிறகு 1,000 கிலோமீற்றரில் ஒரு முறை, அதன்பின் ஒவ்வொரு மாரிக்கும் முன்னும் பின்னும். அப்போது நட்டை மட்டும் பார்க்காமல், காலின் அடிப்பக்க ஒட்டைக் கம்பித் தூரிகையால் துடைத்து, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று லைற் அடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அதன் மேல் இன்னொரு ஒட்டு ஓட்டுவதில் பயனில்லை, அடிவரை அரைத்து எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். குழாய் வளைந்தால் விட்டுவிடலாம். கால் வளைந்திருந்தால் கழற்றி, அதன் பின்னாலுள்ள சேசிச் சுவரில் நேர்விளிம்பு ஒன்றை வைத்துக் குழிந்திருக்கிறதா என்று பார்த்தபிறகே புதிய காலைப் பூட்டுங்கள்.